செத்தவர் மேல் ஒட்டும் பதில்கள்

“உங்க வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பாரு?” என்று இதயநோய் ஆய்வுக்காக வந்த பெண் கேட்டபோது, போன மழைக்காலத்தில் செத்துப்போன தையல்காரர் தன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆய்வு தொடங்கியதிலிருந்தே செத்தவர்கள் இப்படி வந்து உட்காருவது வழக்கமாகியிருந்தது. உறவினர் சொல்லும் பதில் அப்படியே அவர்கள் உடம்பில் ஏறும். ஒல்லியான கொத்தனார் ஒருவரை அவர் மாமியார் ஒரே வாக்கியத்தில் குண்டாக்கியதில் நாற்காலி உடைந்ததும் உண்டு. செத்தவர்களையே கேட்டுவிடலாமே என்றால், அதையும் செய்து பார்த்தாயிற்று. தினமும் விடியலில் ஓடினேன் என்று ஆளாளுக்குப் புளுகியதால், அவர்களிடம் கேட்கக் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள்.

மனைவி வாய் திறக்குமுன் நாத்தனார் முந்திக்கொண்டாள். “என் தம்பி அந்தக் கருமத்தைத் தொட்டதே இல்லைம்மா. எல்லாம் இவ அள்ளிக் கொட்டின உப்பு.” தையல்காரரின் விரலிடுக்கில் இருந்த மஞ்சள் கறை வெளுத்தது; கணுக்கால்கள் வீங்கின. இந்த உப்புக் கதை ஏற்கெனவே தெருவெல்லாம் சுற்றி வந்திருந்தது. மனைவி பெற்ற மகளே இப்போது நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத்தான் சோற்றை விழுங்கினாள். இனி அது அச்சிலும் ஏறிவிடும். தையல்காரர் மனைவியைக் கெஞ்சலாகப் பார்த்தார். சிகரெட் பிடிப்பது அக்காவுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள் என்று சொல்லிச் சொல்லியே காலமெல்லாம் அவள் வாயைக் கட்டிவைத்தவர் அவர்.

“இருபது,” என்றாள் மனைவி. “தினம் காலிப் பெட்டியைப் பொறுக்கிப் போட்டவ நான்.”

கறை திரும்பியது, வீக்கம் வடிந்தது, உதட்டில் சிகரெட் புகைந்தது. “பொய் சொல்ற நாக்கு அழுகிடும்டி,” என்றாள் நாத்தனார். மறுபடி வீங்கினார். “அழுகட்டும் அண்ணி, இருபதுதான்.” மறுபடி வற்றினார்.

“ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க,” என்றாள் ஆய்வுக்காரப் பெண். “அவரு பாவம்.”

வீங்கி வற்றியே களைத்துப்போன தையல்காரர், கிடைத்த இடைவெளியில் சிகரெட்டைப் பாதிவரை இழுத்துவிட்டு, பழக்க தோஷத்தில், திரும்பிக்கூடப் பாராமல் மிச்சத்தை அக்காவிடம் நீட்டினார். “தொட்டதே இல்லை” என்று சொல்லிக்கொண்டே அவளும் அதை வாங்கி, ஒரு இழுப்பு இழுத்து, மூக்கு வழியாகப் புகையை விட்டாள்.

மகள் அத்தையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“பத்துன்னு திருத்திக்கோம்மா,” என்றாள் மனைவி. “எனக்குப் பெட்டிக் கணக்குதான் தெரிஞ்சிருக்கு.”

ஆய்வுக்காரப் பெண் திருத்திக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நாத்தனார் கடைசிவரை இழுத்து முடித்து, வாசலில் சிகரெட் துண்டைச் செருப்பால் நசுக்கிவிட்டு, படியிறங்கிப் போனாள்.