தமாம் வூட்டு வடகம்

“பேரு சொல்லுங்க. ஃபார்ம்ல மொதக் கேள்வியே அதான்.”

“உன் பேரையே வெச்சிடு. ருமைசா வடகம்.”

“நல்லாயிருக்கே! என் பேரைக் கவர்ல அடிச்சு, அப்பறம் கசக்கி ரோட்டுல போடுவாங்க. ஊரு கால்ல மிதிபடணுமா நானு?”

“அப்ப மவ பேரு?”

“அது அதைவிட நல்லாயிருக்கு. நாளைக்கு மாப்பிள்ளை வூட்டுல கேப்பாங்க, ‘ஓ, அந்த வடகமா’ன்னு.”

“சரி, இப்ப சனங்க என்னன்னு கேட்டு வாங்குது?”

“தமாம் வூட்டு வடகம்னுதான். வேற என்னன்னு கேக்கும்?”

“பெறகென்ன, அதான் பேரு.”

நான்கு வருடத்துக்கு முன்பு போனில் நடந்த பேச்சு. அஸ்ஃபாக் அப்போது தமாமில், ஆறு பேர் தங்கும் அறையில், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். லப்பைக்குடிக்காட்டு வீட்டு மாடியில் நின்று ருமைசா பேசினாள். காற்றில் அவள் முந்தானை போனை மறைத்து மறைத்து விலகியது. அன்று சாயங்காலமே அவன் தன் போனிலிருந்து அந்தப் பெயரில் வெப்சைட்டுக்கு டொமைன் வாங்கிவிட்டான். மனைவிக்காக ஒரு வேலையைத் தன் கையால் செய்து முடித்த திருப்தி அவனுக்கு. பதிவு செய்யும்போது கேட்ட மொபைல் எண்ணுக்குத் தன் சவூதி நம்பரைக் கொடுத்தான். அதற்கான ஈமெயிலையும் அதே நம்பரில்தான் திறந்தான். அவனிடம் வேறு நம்பர் இல்லை. வேறொன்று தேவைப்படும் என்று அவன் நினைக்கவும் இல்லை.

அவர்கள் தெருவில் கதவு எண் தபால்காரருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு, அந்த வீட்டு ஆண் எந்த ஊரில் சம்பாதிக்கிறானோ அதுதான் வீட்டின் பெயர். தோஹா வூடு, அஜ்மான் வூடு, பஹ்ரைன் வூடு. பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட அப்படிக் கேட்டுத்தான் வருவார்கள். நான்கு வீடு தள்ளிக் குவைத் வூடு. அந்த வீட்டு கவுஸ் பாயை வேலையிலிருந்து அனுப்பி எட்டு வருடமாகிறது. வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. “குவைத்து வாசல்லயே குந்தியிருக்கு பாரு” என்று ஸ்கூல் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடும். கவுஸ் பாய் காதில் விழாதவர் போலச் செருப்பைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்தத் தட்டலைப் பார்க்க முடியாமல் அஸ்ஃபாக் இந்த ஐந்து வாரமாகத் தெருவின் மறுமுனை வழியாகவே பள்ளிவாசலுக்குப் போய் வருகிறான்.

ஐந்து வாரத்துக்கு முன்பு அவன் ஊருக்கு வந்தபோது, இரண்டு மாத லீவு என்று சொன்னான். பதினான்காம் தேதி திரும்பப் பயணம் என்றான். லீவு இல்லை. கம்பெனியில் ஸ்டோர் பகுதியை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்ட அவனுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஃபைனல் எக்ஸிட். இனி அந்த விசாவில் அவன் அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. இக்காமா என்கிற தங்கும் அட்டை ரத்தானது. அந்த அட்டையில் வாங்கிய சிம்மும் அதோடு செத்துப்போனது. வந்த பிறகு யாருக்கும் தெரியாமல் திருச்சியில் மூன்று ஏஜென்டுகளைப் பார்த்தான். மூவரும் முதலில் வயதைக் கேட்டார்கள். நாற்பத்தாறு என்றதும் மூவரும் டீ சொல்லி அனுப்பினார்கள்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் காலையில் எழுவான். ருமைசா அதற்குள் மாடிக்குப் போயிருப்பாள். அங்கே கலியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் குன்னத்துப் பக்கமிருந்து வந்த சின்ன வெங்காயத்தைக் குவித்து உரித்துக்கொண்டிருப்பார்கள். நறுக்கிய வெங்காயத்தில் உளுந்தும் கடுகும் வெந்தயமும் பூண்டும் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்ட கையால் உருட்டி வெயிலில் வைப்பார்கள். மாடி முழுக்க வரிசையாக உருண்டைகள். அவற்றுக்கு நடுவே நடக்க அஸ்ஃபாக்குக்குத் தெரியவில்லை. வந்த புதிதில் ஒருநாள் உதவி செய்கிறேன் என்று போய், ஒரு வரிசையையே மிதித்துவிட்டான். அதிலிருந்து படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று பார்ப்பதோடு சரி.

“பாய், பயணம் எப்ப?” என்றாள் கலியம்மாள், உரிப்பதை நிறுத்தாமல்.

“பதினாலு.”

“காலையிலேர்ந்து உரிச்சு என் கண்ணு செவந்திருக்கு, நியாயம். ஒரு வெங்காயம் தொடாத ஒங்க கண்ணு ஏன் பாய் இப்புடிச் செவந்து கெடக்கு?”

“பொண்டாட்டிய வுட்டுப் போவணும்ல்ல” என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். மாடியே சிரித்தது. ருமைசாவும் சிரித்தாள், முகத்தில் லேசாக வெட்கம்கூட வந்தது. அஸ்ஃபாக் கீழே இறங்கிவிட்டான்.

கல்யாணமாகி இருபத்தொரு வருடம். லீவு நாட்களைக் கூட்டினால் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது இரண்டு வருடம்கூடத் தேறாது. அந்த நாட்களில் ருமைசா அவனை விருந்தாளியைப் போலக் கவனித்துக்கொண்டாள். மீன் தலையை அவன் தட்டில் வைப்பாள். துண்டைக் கையில் கொடுப்பாள். புறப்படும் நாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டி கட்டுவாள். அழுவாளே தவிர, ஒருமுறைகூடப் போகாதீர்கள் என்று சொன்னதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு லீவில், திரும்பிப் போகாமல் இருக்கலாமா என்று கேட்டுவிட முடிவு செய்து, “முதுகு ரொம்ப வலிக்குது ருமைசா” என்று தொடங்கினான். அவள் அன்றே ஆள் அனுப்பிப் பெரம்பலூரிலிருந்து இரண்டு பாட்டில் தைலம் வாங்கிப் பெட்டியில் வைத்தாள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. அந்தத் தைலம் தீர்ந்த பிறகும் அவன் கேட்கவில்லை.

போன வாரம்தான் வெப்சைட் நின்றுபோனது. கோலாலம்பூரில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் ருமைசாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: “லாத்தா, கடையை மூடிட்டீங்களா?” ருமைசா பதறிப்போனாள்.

“என்னங்க, வருசா வருசம் நீங்கதானே அதைப் புதுப்பிப்பீங்க?”

“மறந்துட்டேன்.”

“மறந்தா என்ன, இப்பப் பண்ணுங்க.”

“அந்தப் பேரு நமக்கு வேணாம் ருமைசா. பழசாப் போச்சு. புதுசா ஒரு பேரு வெப்போம். வெள்ளாறு வடகம். எப்படி?”

“வெள்ளாத்துல தண்ணி இருந்தாத்தானே? வறண்ட ஆத்துப் பேரை வெச்சு யாரு வாங்குவா?”

“ஹுஸ்னா ஃபுட்ஸ்.”

“மவ பேரு வேணாம்னு அப்பவே சொன்னேன்ல?”

“பெரம்பலூர் வடகம்.”

“என்னங்க ஆச்சு ஒங்களுக்கு? அரியலூர்ல குடுத்து அஞ்சாயிரம் கவர் அடிச்சு வெச்சிருக்கு. எல்லாத்துலயும் அந்தப் பேருதான், அந்த வெப்சைட்டுதான். நாலு வருசமா ஒவ்வொரு ஆளாப் புடிச்சு வெச்ச பேருங்க. அந்தப் பேரு போனா நான் மறுபடி தெருவுல கூடை தூக்கித்தான் விக்கணும்.” பிறகு குரலை இறக்கி, “அது ஒங்க ஊருப் பேரு. அத எடுக்க எனக்கு மனசு வராது” என்றாள்.

மறுநாள் அவளே அவனைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்குப் புறப்பட்டாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுத்தாள். வழியெல்லாம் மக்காச்சோளக் கொல்லைகள் காய்ந்து நின்றன. தூங்குகிறவன் போல அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் கீதாஞ்சலியின் கம்ப்யூட்டர் சென்டர். ருமைசாவின் வெப்சைட்டை வடிவமைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

“டொமைன் இன்னும் நம்ம கையவுட்டுப் போகலக்கா. இருவதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கு மேல போனா யாரு வேணா எடுத்துக்கலாம்.” அவள் விசைகளைத் தட்டினாள். “சார், ஒங்க நம்பர் போட்டுட்டேன். ஓ.டி.பி. போயிருக்கும், சொல்லுங்க.”

“அந்த சிம் இங்க வேலை செய்யாதும்மா.”

“ரோமிங் போட்டா வருமே சார்?”

“போடல.”

“ஈமெயிலுக்கு அனுப்பட்டா?”

“பாஸ்வேர்டு மறந்து போச்சு. புதுசாக் கேட்டாலும் அந்த நம்பருக்குத்தான் போவும்.”

ருமைசா குறுக்கிட்டாள். “இதுக்கு ஏன் இவ்ளோ யோசனை? பதினாலாந்தேதி போறாரு. எறங்குனதும் சிம்மப் போட்டு நம்பரச் சொல்லிடுவாரு. நீ இங்கேர்ந்து முடிச்சுடு கீதா.”

“அப்ப பிரச்சனையே இல்லக்கா.”

அஸ்ஃபாக்கின் நெற்றி வியர்த்தது. தலைக்கு மேலேயே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு வரும். இருபதும் வரும். நம்பருக்காக இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நிற்பாள். அவன் எங்கே நிற்பான்?

“புதுப் பேரே பாத்துடும்மா” என்றான். “தாளிப்பு வடகம் இருக்கா பாரு.”

“அது போயிடுச்சு சார்.”

“நம்ம வூட்டு வடகம்?”

“அதுவும் இல்ல. அதுல யாரோ திண்டுக்கல்காரங்க இருக்காங்க.” கீதாஞ்சலி நிமிர்ந்தாள். “சார், எதுக்கு நல்ல பேரை வுடணும்? இன்னொரு வழி இருக்கு. நம்பர் இப்ப ஒங்ககிட்ட இல்லைன்னு ஒரு ஃபார்ம் போட்டு, பாஸ்போர்ட் காப்பியும் அனுப்புனா, அக்கா நம்பருக்கே மாத்திக் குடுத்துடுவாங்க. நாலே நாள்.” ஃபார்மைத் திறந்து, பெயர், முகவரி எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நம்பர் ஏன் இல்லைன்னு போடணும். என்னன்னு போட சார்?”

இருவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

“டீ குடிச்சுட்டு வரேன்” என்று அவன் எழுந்து வெளியே வந்தான். பாதிப் படிக்கட்டு வரைதான் கால் நடந்தது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே ஒரு கண்டக்டர் “அரியலூர், அரியலூர்” என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே ருமைசா வந்தாள். இரண்டு படி மேலே நின்றாள்.

“அந்த நம்பர்ல யாரு இருக்கா?”

“என்ன?”

“யாராச்சும் இருக்காங்களான்னு கேக்குறேன். வந்ததுலேர்ந்து அந்த சிம்ம வெளிய எடுக்கல. பேரை மாத்து மாத்துன்னு நிக்கிறீங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க, தாங்கிக்கறேன். இவ்ளோ வருசம் தனியா இருந்த மனுசன், எனக்குப் புரியாம இல்ல.”

அவன் சிரித்துவிட்டான். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

“யாருமில்ல ருமைசா. அந்த நம்பரே இல்ல. ஃபைனல் எக்ஸிட் அடிச்சு அனுப்பிட்டாங்க.”

அவள் படியில் உட்கார்ந்தாள்.

“எப்ப?”

“நான் வந்தது அதுலதான்.”

“அப்ப பதினாலு?”

“டிக்கெட்டே இல்ல.”

“ஹுஸ்னாவுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது.”

மேலே ஏறி வந்த ஒருவருக்கு வழிவிட அவன் சுவரோடு ஒட்டினான், அவளும் எழுந்தாள். அவர் போகும்வரை இருவரும் ஏதோ ஜோலியாக வந்தவர்கள் போல நின்றார்கள். பிறகு ருமைசா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வடகம் வைத்த அன்று மேகம் கறுத்தால் ஒரு முகம் வருமே, அந்த முகம். அழுவதற்கு நேரமில்லாத முகம்.

“அஞ்சு வாரம் இத உள்ள வெச்சுக்கிட்டா சோறு தின்னீங்க?” என்றாள். “என்கிட்ட சொன்னா என்ன, கடிச்சா துப்பியிருப்பேன்?”

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

“சரி. நீங்க கவலப்படாதீங்க. குவைத் வூட்டு கவுஸ் பாய் மாதிரி நீங்க வாசல்ல குந்தியிருக்கிறத நான் பாக்க மாட்டேன். அதுக்கு வுட மாட்டேன்.” அதற்குள் அவள் போனை எடுத்து எண்களைத் தேடிக்கொண்டிருந்தாள். “எங்க சாச்சா மவன் ஹஸ்ஸான் மஸ்கட்டுலதான் இருக்கான். போன ஈதுக்குக்கூட நம்ம வடகத்த கேட்டு வாங்குனான். சூப்பர் மார்க்கெட்டுல வேலை. வயசெல்லாம் பாக்க மாட்டாங்க அங்க. நான் கேட்டா இல்லைங்க மாட்டான்.”

“ருமைசா…”

“கூச்சப்பட ஒண்ணுமில்ல. சொந்தத்துக்குள்ளதானே. மூணு மாசத்துல விசா எடுத்துடலாம். இந்தப் பேரு போனா போவட்டும், கீதாகிட்ட வேற சொல்லிக்கலாம்.” அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, ஈரமான முகத்தோடு அவள் சிரிக்க முயன்றாள். “மஸ்கட் வூட்டு வடகம். நல்லாத்தானே இருக்கு?”

போன் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. மறுமுனையில் எந்த நேரமும் யாராவது எடுப்பார்கள். அஸ்ஃபாக் இரண்டு படி ஏறி, அந்தப் போனின் மேல் தன் கையை வைத்து மூடினான்.

“என்னை எங்கயும் அனுப்பாத ருமைசா” என்றான். “நான் ஒங்கூட இங்கயே இருந்துக்கறேனே.”