மேலடுக்கு

என் மனைவி கடைசியாக வளர்த்த தகட்டை அளக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். அவள் போனபின் நான் வேலைக்குத் திரும்பிய முதல் காலை. அலுமினியமும் காலியமும் ஆர்செனிக்கும் கலந்த படிகம்; சிவப்பு லேசர் செய்ய அடுக்கடுக்காக வளர்ப்பார்கள். வளர்ப்பது அவள் வேலை. பச்சை ஒளியை அடித்து, தகடு எவ்வளவு சிவப்பாக எரிகிறது என்று அளப்பது என் வேலை. "பெத்தது நான், குறை சொல்றது நீங்க" என்பாள்.

"ஆர்டர் குடுத்தவங்க காத்திருக்காங்க அண்ணே. இந்த மெஷின் உங்க கைக்குத்தான் பேசும்" என்றான் எங்கள் பிரிவின் தலைவன். என்னைவிட இளையவன். ஞாயிறுகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவளை அண்ணி என்பான். ஆஸ்பத்திரியில் என் தோளில் சாய்ந்து அழுதவனும் அவன்தான். "ஒளி தர்ற அடுக்கு முடிஞ்சதும் அண்ணி சாஞ்சுட்டாங்க. அந்த நிமிஷமே எல்லாத்தையும் மூடிட்டுத் தூக்கிட்டு வந்தோம்" என்றான் அப்போது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இதயத்தை மீட்டிருக்கலாம் என்றார் டாக்டர். அவர்களும் ஓடித்தானே வந்தார்கள் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

ஒளி தரும் அடுக்கோடு நின்ற தகடு மங்கலாகத்தான் எரியும். மேலே இன்னோர் அடுக்கு மூடினால்தான் வெளிச்சம். அது வளர அரைமணி ஆகும். எங்கள் வளர்ப்பு இயந்திரம் பழையது. ஒருவர் பக்கத்திலேயே நின்று வாயுக்களைக் கையால் திருப்ப வேண்டும்.

விளக்கை அணைத்துப் பச்சை ஒளியைத் திறந்தேன். சிவப்பு பொங்கி வந்தது.

"மேலடுக்கை யார் வளர்த்தது?"

அவன் பின்கழுத்தைத் தடவினான். "பாதியில விட்டா மொத்தமும் குப்பை அண்ணே. அண்ணியோட உழைப்பு. அவங்க இருந்திருந்தா திட்டியிருப்பாங்க."

"இருந்தாளேடா. அப்ப உசிரோட இருந்தாளே."

கதவைத் திறந்து பேக்கிங் பெண்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மாடி, என்னா வெளிச்சம்! அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க."

நான் நகரவில்லை. அவன் என் தோளுக்கு மேலாகத் திரையை நோக்கிக் குனிந்தான். தகட்டின் சிவப்பு அவன் மோவாயில் ஏறி, உதட்டில் நின்றது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. திரையில் நின்ற வெளிச்ச அளவின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.