ஆறாவது அணி

தெற்கு லீக் அழைக்கிறது என்ற செய்தியை விளையாட்டு இயக்குநர் கீத், கல்லூரி உணவகத்தில் கறி அடைத்த பேஸ்டி ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபடிதான் சொன்னார். "அடுத்த சீசன்லயே வந்துடச் சொல்றாங்க, வெர்னா. நீ சரின்னா கல்லூரித் தலைவர் மறுபேச்சு பேசமாட்டார். ஆனா வெளிய மூச்சு விடாதே."

வெர்னா காங்கஸ் அந்தக் கல்லூரியின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளர். சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடந்த சின்னக் கல்லூரி அது. அவர்கள் ஆடிய வடக்கு லீகில் இருந்தவை ஆறே அணிகள், ஆளுக்கொரு மூலையில். ஒரு ஆட்டத்துக்குப் போய்வந்தால் வார இறுதி முழுக்கப் பஸ்ஸிலேயே கரைந்துவிடும். தெற்கு லீக் அணிகள் அவ்வளவு தூரமில்லை. ஆட்டத்திலும் பல படி மேலே.

துள்ளிக் குதித்திருக்க வேண்டிய செய்திதான். ஆனால் வெர்னா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். லீகில் ஆறு அணிகள் இருந்தால்தான் அதில் ஜெயிப்பவர்களுக்குத் தேசியப் போட்டியில் நேரடியாக இடம். ஐந்தாகக் குறைந்தால் அந்த இடம் போய்விடும். வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்தில், அதே லீகில் ஆடிய கல்லூரியில், ரோண்டா ப்ரூனோ ஒரு அணியை வளர்த்து வைத்திருந்தாள். அடுத்த வருஷம் கோப்பை அவர்களுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ரோண்டாவும் வெர்னாவும் படிக்கும் காலத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள், ஒரே அணியில் ஆடியவர்கள்.

கீத்தின் பேச்சை மீறி அன்று மாலையே தன் பெண்களிடம் விஷயத்தை உடைத்தாள் வெர்னா. பயிற்சி முடிந்து, வியர்வையும் ஈரக் கையுறையும் நாறும் அறையில் எல்லோரும் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போலாம் கோச்! இன்னைக்கே போலாம்!" என்றாள் கோல்கீப்பர் டெஸ். "அந்தப் பஸ் சீட்டு என் முதுகுலயே அச்சாகிப் போச்சு."

"அங்க போனா ஒரு ஆட்டத்துக்கு பத்து கோல் வாங்குவ," என்றாள் ஒருத்தி.

"வாங்குனா வாங்கறேன். நல்லவங்ககிட்ட வாங்குனா கத்துக்கலாம். உன்கிட்ட தினமும் பயிற்சியில வாங்கி என்னத்தக் கண்டேன்?"

சிரிப்பு அடங்கியதும் கேப்டன் அனிக்கா கேட்டாள்: "நாம போயிட்டா ரோண்டா டீம் கதி என்ன கோச்? என் தங்கச்சி அங்கதான் ஆடறா."

வெர்னா உள்ளதைச் சொன்னாள். அனிக்காவே மறுபடி சொன்னாள்: "எனக்கும் போகணும்னுதான் இருக்கு. ஆனா இத என் தங்கச்சி வேற யார் வாயிலயாவது கேட்டா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டா."

அடுத்த நாள் வெர்னா காரை எடுத்துக்கொண்டு வளைகுடாவைச் சுற்றிப் போனாள். பனி மெல்லத் தூறிக்கொண்டிருந்தது. ரோண்டா ஆடுதளத்தின் ஓரத்தில் நின்று தன் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தாள். வெர்னாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்னடி, வேவு பாக்க வந்தியா?"

வெர்னா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். ரோண்டாவின் முகத்தில் ரத்தம் ஏறியது.

"அடுத்த வருஷமா? அடுத்த வருஷமேவா? இந்தப் பொண்ணுங்களப் பாரு. நாலு வருஷமா அடி வாங்கி இப்பத்தான் நிமிர்ந்திருக்காங்க. இப்பப் போய் காலை வாரி விடறியே!"

"அதான் நேர்ல சொல்ல வந்தேன்."

"நேர்ல சொன்னா வலிக்காதா?"

உள்ளே பெண்கள் பந்துக்குப் பதிலாக ஆடும் அந்தக் கறுப்பு வட்டு பலகையில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரோண்டா விசிலை வாயில் வைத்தாள், ஊதாமலே எடுத்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா? நாங்களும் தெற்கு லீக்ல கேட்டோம். போன வருஷம். எங்க அரங்கம் பத்தாதுன்னு அனுப்பிட்டாங்க."

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"என்னத்தச் சொல்ல? வேண்டாம்னுட்டாங்கன்னா? எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்." விசில் கயிற்றை விரலில் சுற்றியபடி, "சொல்லியிருப்பேனான்னும் தெரியல," என்றாள். "நீயாவது கார் எடுத்துட்டு வந்த."

இருவரும் பார்வையாளர் பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். கோபம் முழுதாகத் தணியவில்லை, இரண்டு பக்கமும்தான். கிளம்பும்போது ரோண்டா சொன்னாள்: "போகாதேன்னு நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வருஷம் குடு. அதுக்குள்ள ஆறாவது அணிய நாங்க எங்கயாவது தேடிப் பிடிச்சிடறோம்."

வெர்னா கீத்திடம் போய், ஒரு வருஷம் கழித்துப் போவதானால் சரி, இல்லையென்றால் இங்கேயே இருக்கலாம் என்றாள். கீத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவங்க வேற யாரையாவது எடுத்துட்டா?"

"எடுத்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, பதில் வரும்வரை அவளுக்குத் தூக்கமில்லை. தன் பெண்களின் வாய்ப்பைப் பழைய சிநேகிதத்துக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டோமோ என்று மனசு அரித்தது. டெஸ் முகத்தையே பார்க்க முடியவில்லை. தெற்கு லீக் முனகிக்கொண்டே சம்மதித்தது. ஒரு வருஷம், அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை.

அந்தக் கடைசி சீசனில் வெர்னாவின் அணி அரையிறுதியில் ரோண்டாவின் அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. வென்ற கோலை அடித்தவள் அனிக்காவின் தங்கை. அக்கா அழுவதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். ரோண்டாவின் பெண்கள் அடுத்த வாரம் கோப்பையை வாங்கித் தேசியப் போட்டிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். ஆறாவது அணி மட்டும் கிடைக்கவில்லை. ரோண்டா இன்னும் ஒவ்வொரு கல்லூரியாகத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

வசந்தத்தில் ஒருநாள் அவளே வெர்னாவை அழைத்தாள். "ஒரு காலேஜ்ல யோசிக்கறோம்னு சொல்றாங்க. உனக்கு அங்க யாரையாவது தெரியுமா?"

வெர்னாவுக்கு ஒருத்தரைத் தெரியும். "இரு, நானே பேசறேன்," என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.