இடது படிக்கட்டின் பற்கள்

பல்கலைக்கழக விண்ணப்பம் ஒன்றில் நோய்க்குக் காரணமாக இடம்பிடித்த மனிதர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருவன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் எப்போதுமே நடந்ததை மட்டும்தான் சொல்வேன்.

உயரமான கட்டிடங்களுக்குக் கண்ணாடி துடைப்பது என் தொழிலாக இருந்தது. ஒருமுறை நாற்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தபோது சின்ன மேகம் ஒன்று வழி தவறி வந்து என் வாளிக்குள் சிக்கிக்கொண்டது. பாவமாக இருந்தது. எடுத்துப் பிழிந்து விட்டேன். கீழே ஒரே ஒரு தெருவில் மட்டும் மழை கொட்டியது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், அந்தத் தெரு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு இந்த மாதிரி விஷயங்கள் வீணாகப் போகக் கூடாதே என்று, எங்கள் குடியிருப்பின் இடது படிக்கட்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். மடியில் ஒரு தகர டப்பா, அதற்குள் மிட்டாய். நம்மைத் தேடி வந்து காது கொடுக்கிறவர்களுக்கு வாயில் போட ஏதாவது தர வேண்டாமா?

"பசங்க என்ன உங்க கதைக்கா வர்றாங்க? டப்பாவுக்கு வர்றாங்க," என்பாள் என் வீட்டுக்காரி. "டப்பா காலியானா நீங்களும் பெஞ்சும்தான் மிச்சம்."

நான் காதில் வாங்காத மாதிரிதான் இருப்பேன். ஆனால் உறுத்தாமல் இல்லை.

என் மருமகள் பல் டாக்டர். அதாவது, கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வரும்வரை பல் டாக்டர். விமானத்தில் டாக்டராக ஏறினவள், இறங்கும்போது டாக்டர் இல்லை. வழியில் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் படிப்பு இங்கே செல்ல வேண்டுமென்றால் பாதியை மறுபடியும் படிக்க வேண்டுமாம். அதனால் ஒரு பல் கிளினிக்கில் கருவிகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் மகன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் அவன் வீட்டில் ஃபோன் வடிவத்தில்தான் இருப்பான்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "மாமா, இனிமே ஒவ்வொரு வாயா திறந்து பார்க்கப் போறதில்லை. ஒரு ஊரோட வாயையே மொத்தமா பார்க்கிற படிப்பு இருக்கு. பொது சுகாதாரம்."

"அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு எங்கம்மா போவே?" என்று கேட்டேன். தொழில்ரீதியான சந்தேகம்.

விண்ணப்பம் போடுவது லேசுப்பட்ட வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே படித்த ஐந்து வருடம் இங்கே எத்தனை வருடம் என்று எடைபோட்டுச் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது. நாலு என்று சொன்னார்கள். ஒரு வருடம் சேதாரம். நகைக்கடைக்காரன்கூட இவ்வளவு போட மாட்டான். அப்புறம் மொழித் தேர்வு. நாள் முழுக்க அந்த மொழியிலேயே பேசி வேலை பார்க்கிறவள், தனக்கு அந்த மொழி வரும் என்று காட்ட, ஓர் அறையில் கம்ப்யூட்டரோடு தனியாகப் பேசிவிட்டு வந்தாள். அந்த மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். அதற்குள் மொழி ஊசிப்போய்விடும் போல. சிபாரிசுக் கடிதம் வேண்டுமென்று பழைய பேராசிரியரைக் கேட்டாள். "நல்ல பெண், அடக்கமானவள், சத்தமாகப் பேச மாட்டாள்" என்று எழுதி அனுப்பினார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மனுஷர் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிட்டார்.

"நான் ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்" என்ற கட்டுரைக்கு நானும் என்னால் ஆன உதவி செய்தேன். "பிறக்கும்போதே எனக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தன, செவிலியர் இருவர் மயங்கி விழுந்தனர்" என்று ஆரம்பித்துக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சேர்க்கவில்லை.

முதல் வருடம் நாலு இடத்தில் போட்டாள். நாலும் முடியாது என்றன. ஓர் இடம் மட்டும் காரணம் சொன்னது: உங்களுக்குப் பல்லைப் பற்றித் தெரிகிறது, சரி, சுற்றியிருக்கும் ஜனங்களுக்காக என்ன செய்திருக்கிறீர்கள்?

இரண்டு நாள் அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்றாம் நாள் ஒரு பெரிய அட்டையில் எங்கள் குடியிருப்பை வரைந்து சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒட்டினாள். இடது படிக்கட்டு வீடுகள், வலது படிக்கட்டு வீடுகள், எல்லாம் கட்டம் கட்டமாக. எங்கள் வீட்டில் பல் டாக்டர் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே வாயை மூடிக்கொண்டு வருகிற விருந்தாளி குறைவு. இப்போது அவளே வீடு வீடாகப் போய், பெற்றோரைக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தாள். சொத்தைப் பல் இருக்கிற வீட்டுக் கட்டத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

பொட்டெல்லாம் ஒட்டி முடித்த அன்று மூன்று பேரும் சாப்பாட்டை மறந்து அண்ணாந்து பார்த்தோம். வலது பக்கம் வெறிச்சென்று இருந்தது. இடது பக்கம் அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"ஒரே பள்ளிக்கூடம், ஒரே தண்ணி, ஒரே கடை," என்றாள் மருமகள். "எப்படி அத்தை?"

"இடது பக்கம்தான் சாயங்கால வெயில் விழுது," என்றேன். "பல்லு சீக்கிரம் பழுத்திருக்கும்."

"நீங்க சாப்பிடுங்க," என்றாள் வீட்டுக்காரி.

அதற்குப் பிறகு மருமகளுக்குப் பால்கனிச் செடிகள் மேல் திடீர்ப் பாசம் வந்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் பூவாளியோடு போய் நிற்பாள். கீழே நான் கதை சொல்லி முடிக்கும்வரை தண்ணீர் ஊற்றுவாள். செடியே போதும் போதும் என்றிருக்கும். பிறகு ஒருநாள் சொன்னாள்: "மாமா, மிட்டாய்க்கு நீங்க எதுக்குக் கடைக்கு அலையணும்? இனிமே நானே வாங்கி டப்பாவை நிரப்பி வைக்கிறேன்."

மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெஞ்சுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.

இரண்டாம் வருடமும் நாலு இடத்தில் போட்டாள். மூன்று இடம் முடியாது என்றுவிட்டன. மொழி மதிப்பெண்ணுக்கு ஆயுசு முடியப்போகிறது. "இதுவும் இல்லைன்னா விட்டுடலாம் மாமா. கழுவுற வேலைகூட நல்ல வேலைதான்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நாலாவது இடம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது, கம்ப்யூட்டர் வழியாக.

அன்று காலை சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து, பின்னால் நல்ல திரைச்சீலையாகப் போட்டு, எங்களைச் சமையலறைக்குள் தள்ளினாள். "மாமா, இருமல் வந்தாகூட விழுங்கிடுங்க."

கதவிடுக்கில் நின்றோம். அவள் கையில் ஒரு பேனா. தடுமாறினால் அதை டிக் டிக்கென்று அழுத்துவாள். அந்தப் பக்கம் மூன்று பேர்: கண்ணாடி போட்ட அம்மா, தாடிக்காரர், பேசாமல் குறிப்பெடுக்கும் ஒரு பெண். அவர்கள் பேசியதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"உங்க குடியிருப்பு ஆய்வு நல்லா இருக்கு," என்றார் கண்ணாடியம்மா. "இடது வாசல்ல இனிப்பு கிடைக்கிற ஒரு ஏற்பாடு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது என்ன, கடையா?"

"கடை இல்லைங்க."

"மிட்டாய் மெஷினா?"

டிக். டிக். "அந்த மாதிரிதான்."

"எவ்வளவு பழசு?"

"எழுபது தாண்டிடுச்சு."

"எழுபது மாசமா?"

"வருஷம்."

"அத்தனை பழைய மெஷின் இன்னுமா ஓடுது?" என்றார் தாடிக்காரர்.

"நல்லா ஓடுது சார். சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"யாரு பராமரிக்கிறாங்க?"

"அத்தை."

என் பக்கத்தில் வீட்டுக்காரி கைத்துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அதை அங்கேருந்து எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?"

"எடுக்க முடியாதுங்க," என்றாள் மருமகள். "வீட்டுக்கு வேணும்."

எனக்கு எழுபத்துநாலு வயது. சத்தமும் ஜாஸ்தி. இடது வாசல், பெஞ்சு, டப்பா. மெஷின் எது என்று புரிந்துவிட்டது. பால்கனிப் பூவாளி எதற்கென்பதும் புரிந்துவிட்டது.

கண்ணாடியம்மாவின் குரல் மாறியது. "பாருங்க, எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருக்கீங்க. காரணத்தை மட்டும் மூடி வைக்கிறீங்க. இந்தத் தொழிலுக்கு அது சரிப்படாதே."

டிக் சத்தம் நின்றுபோனது. பேனாவை வைத்துவிட்டாள்.

"கல்லு மாதிரி நிக்கிறீங்களே, போங்க!" என்று வீட்டுக்காரி முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். டப்பாவும் கையுமாகப் போய்க் கம்ப்யூட்டர் திரைக்குள் விழுந்தேன்.

"வணக்கம்," என்றேன். "நான்தான் அந்த மெஷின்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். குறிப்பெடுக்கும் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"மாமா!"

"இரும்மா. இவ என் மருமகள். மாமனாரைக் கைகாட்டி இவர்தான் காரணம்னு சொல்ல எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு நாக்கு வராது. காரணம் நான்தான். எழுதிக்கங்க."

கண்ணாடியம்மா என்னை விட்டு அவளைப் பார்த்தார். "காரணம் தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க? இவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலைங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "டப்பாவுல இருந்ததை மாத்திட்டேன். சர்க்கரை இல்லாத மிட்டாய். மூணு மாசம் ஆச்சு."

நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். தினமும் இரண்டு நானே தின்றிருக்கிறேன். ருசி குறைந்ததும், வயசாகி என் நாக்குதான் மங்கிவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தருக்குத் தெரியாம செய்யறது சரியா?" என்று தாடிக்காரர் கேட்டார்.

"பசங்களோட அப்பா அம்மாகிட்ட சொல்லி, அவங்க சரின்னப்புறம்தான் மாத்தினேன் சார். மாமாகிட்டயும் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். அது தப்புதான்."

"சொல்லியிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்," என்று நானும் என் பங்குக்கு உதவினேன்.

"சொத்தை குறைஞ்சுதா?"

"தெரியாது சார். பல்லு பதில் சொல்ல ரெண்டு வருஷமாவது ஆகும். இப்பவே குறைஞ்சுதுன்னு சொன்னா பொய்." தலையை நிமிர்த்தினாள். "ஒண்ணு மட்டும் எண்ணிப் பார்த்தேன். இந்த மிட்டாயைப் பசங்க பாதியில துப்பிடறாங்க. ஆனா எழுந்து போகலை. முன்னைவிடக் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான். அவங்க டப்பாவுக்கு வரலை. இவர் கதைக்குத்தான் வர்றாங்க."

"அடியே!" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். "கேட்டியா? படிச்சவ சொல்றா! எண்ணிப் பார்த்துச் சொல்றா!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு, அவங்க முன்னாடி கத்தாதீங்க!" என்று உள்ளிருந்து பதில் வந்தது. தாடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு முதல்முறையாகச் சிரித்தார். கண்ணாடியம்மா மட்டும் சிரிக்காமல், "இப்ப சொன்னதெல்லாம் கட்டுரையில இருந்திருக்கணும்," என்றார். மருமகள் எழுந்து வழியனுப்புகிற மாதிரி என்னைச் சமையலறையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். பேனா சத்தம் அப்புறம் கேட்கவேயில்லை.

இடம் கிடைத்துவிட்டது. சேதி வந்தபோது மகன் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஃபோனிலேயே ஓவென்று கூவினான். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்து வாழ்த்தின என்று அவன் சொல்கிறான். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

வகுப்பு தொடங்கிய அன்று சாயங்காலம் நான் டப்பாவை மேலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு பெஞ்சுக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு தடவை மேலே திரும்பப் பார்த்தேன், அதை மறைப்பானேன். பிள்ளைகள் வந்தார்கள். மடியைப் பார்த்தார்கள். "தாத்தா, டப்பா எங்கே?" என்று ஒரு வாண்டு கேட்டது. மேகம் சிக்கிய வாளியைப் பற்றி ஆரம்பித்தேன். உட்கார்ந்துவிட்டார்கள். வலது படிக்கட்டுப் பிள்ளைகள் சிலரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மேலே வந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மருமகள் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி அன்று பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாளாம்.

"வந்தாங்க, சரி," என்றாள். "ஒருத்தனாவது நம்பினானா?"

அட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டே மருமகள் நிமிராமல் சொன்னாள்: "அதுக்குத் தனியா ஒரு ஆய்வு பண்ணணும் அத்தை."