நூற்றுப்பத்தாவது

மதியம் மூன்று மணிக்கே ஜலஜா மொபைலில் மேகப் படத்தைத் திறந்துவிட்டாள். ஹைதராபாத் முழுக்க வெள்ளைப் போர்வை. ஷாமீர்பேட்டைக்கு வடக்கே மட்டும் ஒரு கிழிசல். அந்தக் கிழிசலை நம்பிப் பெட்ரோல் போடுகிறவர்களை ஊர் பைத்தியம் என்று சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

"போலாமாங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"ஹவ், போலாம். இன்னிக்கு விட்டா அப்புறம் ஏது?" என்றான் தேவராஜ்.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு விமானம். நாச்சாரத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி அவனை இரண்டு வருஷத்துக்கு ஸ்வீடன் அனுப்புகிறது. அவளுக்கு இங்கே இப்போதுதான் பெரிய பதவி கிடைத்திருக்கிறது, அவள் போகவில்லை. இதற்காகச் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. "நீயும் வா" என்று அவன் சொல்லவில்லை, "போகாதீங்க" என்று இவளும் சொல்லவில்லை. லோத்குண்டா வீட்டில் விருந்தாளிகள் மாதிரி ஒருவருக்கொருவர் காபி கொடுத்துக்கொண்டு நடமாடினார்கள். திரும்பி வரவேண்டும் என்ற ஆசை இந்த மனுஷனுக்கு இருக்கிறதா, இல்லையா? ஜலஜாவுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதைக் கேட்கத்தான் நாக்கு எழவில்லை.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஒரு பழைய தொலைநோக்கி வாங்கினார்கள். கூடவே ஒரு பட்டியலும் தொற்றிக்கொண்டது. வானத்தில் மங்கலாகத் தெரியும் நூற்றுப்பத்து அதிசயங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு பேரும் பார்த்தால்தான் டிக் போடலாம் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். ஒன்பது வருஷத்தில் நூற்று ஒன்பது டிக். மிச்சம், மகர ராசியில் ஒரு சின்ன நட்சத்திரக் கொத்து. அதைத் தேடிப் போனால் ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் தீபாவளிப் புகை, போன வருஷம் ஜலஜாவுக்கு டெங்கு. ஸ்வீடனில் மகரம் தரையை ஒட்டித்தான் கிடக்குமாம். அங்கே அது தெரிந்த மாதிரிதான்.

தொலைநோக்கிப் பெட்டியைக் கட்ட அவள் கை வைத்தபோது, "நக்கோ ஜலஜா, நான் பாத்துக்கறேன்" என்று தேவராஜ் வாங்கிக்கொண்டான். கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினான். இந்த விஷயத்தில் அவன் ஒரு கிறுக்கன்.

ஷாமீர்பேட்டை ஏரியைத் தாண்டி, வழக்கமான பாறைமேல் தொலைநோக்கியை நிறுத்தியபோது இருட்டிவிட்டது. வானம் முழுக்க மேகம். தூரத்தில் சத்தமே இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. மின்னும்போதெல்லாம் பாறைகள் ஒரு நொடி விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கின. பகல் வெயிலின் சூடு கல்லில் இன்னும் மிச்சமிருந்தது. இருவரும் சாய்ந்து உட்கார்ந்து மேகம் நகர்வதைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க, மேகம் அப்படியே நிற்க, பாறைதான் தங்களைச் சுமந்துகொண்டு மெல்லப் போகிறது என்று ஜலஜாவுக்குத் தோன்றியது. இப்படியே போய்க்கொண்டிருந்தால், செவ்வாய்க்கிழமை எங்கோ பின்னால் தங்கிவிடும்.

எட்டரை மணிக்குத் தெற்கே மேகம் விலகியது. விலகிய இடத்தில் மகரம், கழுவித் துடைத்த மாதிரி.

தேவராஜ் தொலைநோக்கிக் குழாயை அந்தப் பக்கம் திருப்பினான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"தெரியல ஜலஜா. மெல்லிசா மேகம் இருக்கு."

அவள் பார்த்தாள். ஓரத்தில் அழுது வடியும் ஒரே ஒரு நட்சத்திரம். பக்கத்தில், ரவை சிந்தினாற்போல் தெரிய வேண்டிய கொத்தைக் காணோம். தலையைத் தூக்கினாள். அங்கே மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐபீஸில் பனி படிந்திருக்கும் என்று அதைக் கழற்றி, சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் திருப்பினாள்.

அடியில் கறுப்புக் கண்ணாடி. நிலா பார்க்கும்போது கண் கூசாமல் இருக்கத் திருகி மாட்டும் ஃபில்டர். அது இருந்தால் நிலா நன்றாகத் தெரியும்; மங்கலான கொத்து ஒன்றும் தெரியாது. ஐயோ, நான்தான் மறந்துவிட்டேனா என்று பதறினாள். போன வாரம் மொட்டை மாடியில் நிலா பார்த்தார்கள். முடிந்ததும் அவளே அதைக் கழற்றி, நீல டப்பாவில் போட்டு, ரப்பர் பேண்டும் சுற்றிவைத்தாள். இன்றைக்கு மதியம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் அவன்.

திரும்பிப் பார்த்தாள். தேவராஜ் கைகட்டிக்கொண்டு, பளிச்சென்று கிடந்த அந்த வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்துக்கொண்டேதான் மேகம் என்று சொல்லியிருக்கிறான், திருடன்.

இரண்டு திருகு திருகினால் ஃபில்டர் கையில் வந்துவிடும். நூற்றுப்பத்தும் முடிந்துவிடும். ஜலஜாவுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் வராமல் அடம்பிடித்த அழுகை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஐபீஸை இருந்தபடியே மாட்டி, இன்னொரு தரம் குனிந்து, மரியாதைக்கு ஒரு நிமிஷம் இருட்டைப் பார்த்தாள்.

"ஆமாங்க, மேகந்தான்" என்றாள்.

அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

"அடுத்த அக்டோபர்ல லீவு போட்டு வரேன்," என்றான். "ஒண்ணே ஒண்ணுதானே, பாத்துடலாம்."

"வாங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அப்ப பெட்டிய நான் கட்டறனுங்க."