மார்ச் ஒண்ணு, சூரிய உதயம்

பள்ளிக்கூடத்துல நாப்பத்தெட்டு பிள்ளைகளை மேய்க்கிறது போதாதுன்னு, தொண்ணூத்தொண்ணு பிப்ரவரியில என்னை மக்கள்தொகைக் கணக்கெடுக்கவும் போட்டாங்க. சைதாப்பேட்டையில குடியிருக்கிறவளுக்கு மயிலாப்பூர்ல நாலு தெரு. மாடி மாடியா ஏறி, வீட்ல எத்தனை பேர்னு கேட்டு, ஆளுக்கு ஒரு சீட்டு எழுதணும். கதவைத் திறக்கும்போதே "ஒண்ணும் வேணாம்மா"ன்னு சொல்ற வீடுங்கதான் பாதி. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல்.

சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு மாடி வீட்டுல மட்டும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஸ்ரீரங்கன்னு ஒருத்தர், அறுபத்திரண்டு வயசு, கப்பல்ல வயர்லெஸ் ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவர். நுரையீரல் கெட்டுப்போச்சு, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்குவார். வீட்ல அவரும் சம்சாரம் சூடாமணி மாமியும்தான். அன்னிக்கு பிப்ரவரி பதினாலு. மனுஷர் சலவைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி நிமிர்ந்து உக்காந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

பேனாவை எடுத்தா, பதில் சொல்லாம கதை சொல்றார். அறுபத்தொண்ணுல இவர் கப்பல் லிவர்பூல்ல நின்னப்போ, படிவத்தைக் கப்பலுக்கே கொண்டுவந்து கொடுத்துட்டாங்களாம். அந்த ராத்திரி யார் எங்க இருக்காங்களோ அங்கேயே கணக்கு. எழுபதுல இஸ்தான்புல். ஒரு ஞாயித்துக்கிழமை யாரும் வெளியில தலைகாட்டக் கூடாதுன்னு உத்தரவு. எம்மாம்பெரிய ஊர், தெருவுல ஒரு பூனையும் ஒரு போலீஸ்காரரும்தான். எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒரு தேசமே அசையாம உக்காந்திருந்துச்சாம். இருபது வருஷம் கழிச்சுச் சொல்லும்போதும் அவர் கை புல்லரிச்சிருந்துச்சு, நீட்டிக் காட்டினார். டென்மார்க்ல கதவையே தட்ட மாட்டாங்களாம். ஆளுக்கு ஒரு நம்பர், வீடு மாறினா ஆபீஸ்ல சொல்லிடணும், கம்ப்யூட்டர் கூட்டிக்கும். அந்தப் புண்ணியவானுங்க இங்க பொறந்திருந்தா என் முழங்காலாவது பிழைச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். சின்ன வயசுல, வெள்ளைக்காரன் எடுத்த கணக்குல, அப்பா இவர் பேரைக் கொடுத்திருப்பாராம். ஆனா இருபத்தொரு வயசுல கப்பலேறினதுலேருந்து, நாலு தடவை நம்ம நாட்டுல கணக்கு நடந்தப்பவும் இவர் கடல்ல. மாமி பேரை மட்டும் எழுதிட்டுப் போயிருக்காங்க. அந்நிய தேசம் ரெண்டு இவரை எண்ணிடுச்சு, சொந்த தேசம் இன்னும் எண்ணலைங்கறது அவர் குறை. இந்த வாட்டி எப்படியாவது சேந்துடணும், அவ்வளவுதான் ஆசை.

எழுதிட்டேன் சார்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம். நான்தான் விதி விதின்னு அலையறவளாச்சே. இது முடிவில்லை சார், மார்ச் ஒண்ணு சூரிய உதயம்தான் கணக்கு, மறுபடி வருவோம், அதுக்குள்ள குழந்தை பொறந்தா சேக்கணும், யாராவது தவறிட்டா பேரை அடிச்சிடணும்னு ஒப்பிச்சேன். மாமி என்னைப் பாத்த பார்வையில நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அவர் முகமோ குழந்தை மாதிரி மலர்ந்துடுச்சு. "டீச்சர், உதயம் அருணாசலப் பிரதேசத்துல கெளம்பி குஜராத் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். அந்த வெளிச்சம் தாண்டறப்போ யாரெல்லாம் மூச்சு விட்டுண்டு இருக்காளோ, அத்தனை பேரும் கணக்கு. என்ன யோசனை பாருங்கோ!" அப்புறம் விரலை மடக்கி எண்ணினார். "பதினஞ்சு நாள். பாத்துடலாம்."

அவர் சொன்னது என்னை விடலை. இத்தனை நாள் சீட்டு சீட்டா எழுதினேனே தவிர, எதை எண்ணறோம்னு யோசிச்சதே இல்லை. இருபத்திமூணாம் தேதி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இனி வீட்லயே வெச்சுக்கோங்கன்னு அனுப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டதும், மார்ச் ஒண்ணுக்கு இன்னும் எத்தனை நாள்னு காலண்டரையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஊரையே எண்ணறவ ஒத்தை ஆளுக்கு இப்படித் துடிக்கிறியேன்னு என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணார்.

மார்ச் ஒண்ணு. முதல் வீட்லேருந்து வரிசையாத்தான் சரிபார்க்கணும். வரிசையாவது ஒண்ணாவது, முதல் பஸ்ஸைப் பிடிச்சு நேரா அங்கதான் ஓடினேன். போய்ச் சேரும்போது ஆறே முக்கால். மாடிப்படியடியில பத்துப் பன்னெண்டு ஜோடிச் செருப்பு கிடந்துது. ஐயோ, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கக் கூடாதான்னு அழுதுகிட்டேதான் ஏறினேன்.

வீட்டுக்குள்ள யாரும் இல்லை. எல்லாரும் மொட்டை மாடியில நின்னாங்க. கீழ்வீட்டுக்காரங்க அவரை நாற்காலியோட தூக்கிக் கொண்டுபோய் வெச்சிருந்தாங்க. சாந்தோம் பக்கம் சூரியன் சிவப்பா, முழுசா மேல வந்திருந்துது. என்னைப் பாத்ததும், "அடிக்க முடியாதே இனிமே?"ன்னு கேட்டார்.

"ஆண்டவனாலயும் முடியாது சார்."

அவர் மேற்குப் பக்கம் கையைக் காட்டினார். வெளிச்சம் இன்னும் போய்க்கிட்டு இருக்கும். எங்கேயோ யார் வீட்லயோ தூங்குற குழந்தை மேல, பால் குடுக்கிற அம்மா மேல, ஒருத்தரையும் விடாம. இந்தத் தடவை என் கை புல்லரிச்சுது.

நாலாம் தேதி அவர் போயிட்டார். பக்கத்துத் தெருவுல சரிபார்த்துக்கிட்டு இருந்தவளுக்குச் சேதி வந்து ஓடினேன். எல்லாம் முடிஞ்சு, கூட்டம் கலைஞ்சப்புறம் மாமி என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. என் பையையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, அவர் சீட்டை மாத்தணுமான்னு கேட்டாங்க.

"வேண்டாம் மாமி. ஒண்ணாம் தேதி இருந்தபடியேதான். அடுத்த கணக்கு வர்ற வரைக்கும் அவர்தான் இந்த வீட்டுத் தலைவர்."

"பத்து வருஷமா?"

"பத்து வருஷம்."

மாமி கண்ணைத் துடைச்சுக்கிட்டு அந்த நாற்காலியைப் பாத்தாங்க. "சேந்தாப்பல பத்து மாசம் ஆத்துல இருந்ததில்லையேம்மா இவர்."