டாப்ஸ் கம்பெனிக்கு, பாட்டம் ஊட்டுக்கு

வேல்குமார் செத்துக் காரியமெல்லாம் முடிந்த பிறகும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். ஹார்ட் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் வருவான், கழற்றினால் போய்விடுவான். பல்லடம் ரோட்டில் இருக்கும் சாமியப்பனின் பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைன் போடுகிறவன் அவன். ஒரு ஷிப்மென்ட் வாரத்தில், மத்தியான டீ வருவதற்குச் சற்று முன்னால், மவுசின் மேல் கை வைத்தபடியே நெஞ்சு நின்று செத்துப்போனான். அப்போது அவனுடைய டிசைன்களெல்லாம் வெளியே செருகியிருந்த டிஸ்கில் பேக்கப் ஆகிக்கொண்டிருந்தன. டிசைனோடு ஆளும் ஏறிவிட்டான் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டியிருந்தது.

செருகியதும் அதே சுழல் நாற்காலியில், அதே கட்டம் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருப்பான். தொட்டால் உடம்பு சுடும், டிஸ்க் எவ்வளவு சுடுமோ அவ்வளவு. டீ கேட்பான், குடிக்க மாட்டான். ஆறியதை வேறு யாராவது குடித்துக்கொள்வார்கள். சாமியப்பன் முதல் வாரம் திருநீறு பூசிக்கொண்டு அந்த ரூமுக்குள் போனார். டிசைன் முன்னைவிடச் சுத்தமாக வருவதையும், ஆள் லீவும் சம்பளமும் கேட்காததையும் பார்த்தபின் திருநீறை விட்டுவிட்டார். அதே கம்பெனியில் கட்டிங் செக்சனில் வேலை செய்த வேல்குமாரின் மனைவி சித்ராதேவியைக் கூப்பிட்டு, “இங்க பாரும்மா, செத்தது அவனுக்குத் தெரியாதாட்ட இருக்குது. நீ வாயத் தொறந்து சொல்லீராத. தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவான்” என்றார். அவளும் சொல்லவில்லை. போய்விடுவானே என்ற பயம் முதலாளிக்கு இருந்ததைவிட அவளுக்கு அதிகம்.

சாயங்காலம் வேலை விட்டதும் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பாள். “ஏனுங்க, நேரமாச்சுங்க. ஊட்டுக்குப் போலாமுங்க.” அவன் திரும்பாமலே சொல்வான்: “நீ முன்னால போ புள்ள. இத முடிச்சுட்டு இந்தா வந்தர்றேன்.” உயிரோடு இருந்தபோதும் இதைத்தான் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பொங்கலூர் பஸ்ஸில் தனியாகத்தான் போயிருக்கிறாள். என்றைக்காவது ஒருநாள் விஷயத்தைச் சொல்லி, போதும் எழுந்திருங்க என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். இந்த ஆர்டர் முடியட்டும், அந்த ஆர்டர் முடியட்டும் என்று இரண்டு வருசம் போயிற்று.

சாமியப்பனின் மகள் வர்ஷினி படிப்பு முடித்து வந்து ஆபீசைக் கையில் எடுத்ததும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களையெல்லாம் தூக்கிவிட்டு மேக் வாங்கிப் போட்டாள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் டிசைனர்கள் அதில்தான் வேலை செய்கிறார்களாம். புது மெஷினில் டிஸ்கைச் செருகினார்கள். வேல்குமார் வந்தான், உட்கார்ந்தான். ஆனால் பச்சை கேட்டால் பழைய நீலத்தையே போட்டான். கூப்பிட்டால் திரும்பவில்லை. யாரும் கூப்பிடாதபோது, “இந்தா வந்தர்றேன்” என்றான். சிஸ்டம் பார்க்கிற முனீஸ் விருதுநகர்ப் பக்கத்து ஆள். கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு அவன் சித்ராதேவியிடம் சொன்னான்: “அக்கா, இது விண்டோஸ்ல ஃபார்மேட் பண்ண டிஸ்க்கு. மேக்குல வாசிக்கத்தான் விடும், எழுத விடாது. பாத்துக்கிடலாம். ஒண்ணும் மாத்த முடியாது.”

“அப்ப நாஞ் சொல்றது?”

“உள்ள ஏறாதுக்கா.”

அன்றைக்கு அவள் கட்டிங் டேபிளில் துணியை விரித்துவிட்டு வெட்டாமல் நின்றாள். சொல்ல முடிந்த காலமெல்லாம் சொல்லாமல் வைத்திருந்தாள். இப்போது கத்தினாலும் போய்ச் சேராது.

வழி ஒன்று இருக்கிறது என்றான் முனீஸ். விண்டோஸும் மேக்கும் இரண்டுமே எழுத விடுகிற மாதிரி ஒரு புது டிஸ்கை ஃபார்மேட் செய்து, ஆளை அதற்கு மாற்றிவிடலாம். ஆனால் பழைய விண்டோஸ் மெஷினில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். கடைசி ஒன்று மட்டும் பழைய இரும்புக்காரனுக்காகக் கேட் ரூமில் கிடந்தது. அதன் யுபிஎஸ்ஸை முதல் லோடிலேயே கொண்டு போயிருந்தார்கள். மாற்றுவதை நானே என் கையால் செய்கிறேன் என்று சித்ராதேவி பிடிவாதமாக நின்றாள். முனீஸ் எல்லாவற்றையும் செலக்ட் செய்து கொடுத்து, “காப்பி குடுத்துட்டு, இங்கிட்டு வந்து பேஸ்ட் குடுங்க, அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டுப் போன் பேச வெளியே போனான்.

திருப்பூரில் காப்பி என்பது நல்ல வார்த்தை அல்ல. பெரிய பிராண்டின் லேபிளைப் போலியாகத் தைத்து ரோட்டோரம் குவித்து விற்கிற பனியனுக்குப் பெயர் காப்பி. புருசனைப் போய்க் காப்பி ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்கு மேலேயே கட் என்று இருந்தது. அவளுக்குத் தெரிந்தவரை கட்டிங்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வெட்டாமல் எந்தத் துணியும் உருப்படி ஆனதில்லை. கட் கொடுத்தாள். பேஸ்ட் கொடுத்தாள். திரையில் நீண்டுகொண்டுபோன பச்சைக் கோடு நடுவுக்கு வந்தபோது கரண்ட் போயிற்று.

கரண்ட் வந்து மெஷினைத் திரும்பப் போட்டதும், இடுப்புக்குக் கீழே மட்டும் இருந்த வேல்குமார் கேட்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். பேன்ட், ரப்பர் செருப்பு, வேறொன்றும் இல்லை. மீதியையும் நகர்த்த முனீஸ் எவ்வளவோ முயன்றான். ஃபைல் யூசில் இருக்கிறது, நகர்த்த முடியாது என்றே ஒவ்வொரு தடவையும் வந்தது. சாமியப்பன் வந்து பார்த்தார். “உட்டுருப்பா. டிசைன் போடறதுக்குக் கால் எதுக்கு?” அயர்ன் போடுகிற கந்தப்பன், “டாப்ஸ் கம்பெனிக்கு, பாட்டம் ஊட்டுக்குன்னு செட்டையே பிரிச்சுப்புட்டீங்களே மொதலாளி” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சித்ராதேவி பழைய டிஸ்கையும் அந்த மெஷினையும் கேட்டாள். இரும்புக்குப் போவதுதானே என்று சாமியப்பன் கொடுத்துவிட்டார்.

பிறகு அவள் ஆபீசுக்குள் போனாள். மேக்கில் புது டிஸ்கைச் செருகியிருந்தார்கள். நாற்காலியில் இடுப்பு வரைக்கும் வேல்குமார் இருந்தான். கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தான். முதலாளி பின்னால் நிற்பது தெரிந்தும் அவள் சொன்னாள்.

“ஏனுங்க, நீங்க செத்து ரண்டு வருசமாச்சுங்க.”

“தெரியும் புள்ள,” என்றான், மவுசிலிருந்து கையை எடுக்காமல். “அன்னிக்கே தெரியும். ஷிப்மென்ட் போயிறட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள அடுத்தது வந்துருச்சு.”

“எந்திரிங்க. போலாம்.”

மேசையில் இரண்டு கையையும் ஊன்றினான். ஊன்றிப் பார்த்துவிட்டுக் குனிந்தான். “காலு எங்க புள்ள?”

“கேட்டுக்கிட்ட நிக்குதுங்க. ஊட்டுக்குக் கெளம்பி.”

ஊன்றிய கையை எடுத்து மறுபடி மவுசில் வைத்தான். “அப்ப அதக் கூட்டிட்டு நீ முன்னால போ,” என்றான். “இந்தா வந்தர்றேன்.” சாமியப்பன் மூச்சை விட்டார். பச்சை கேட்ட இடத்தில் அன்றைக்குப் பச்சையே வந்தது.

மேல்பாதி இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறது. கம்பெனி மேக்கிலிருந்து வேறெதற்கு மாறினாலும் கவலையில்லை, அந்த டிஸ்க் எதிலும் ஓடும். சித்ராதேவி பழைய மெஷினைப் பொங்கலூர் லைன் வீட்டில் அடுப்புக்கு எதிரே வைத்திருக்கிறாள். அதைப் போட்டதும் கால் வந்து கட்டிலில் உட்காரும். பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டு ஒரு தைப்பூசத்துக்கும் நடக்காத கால். உட்கார்ந்தே வேலை செய்து கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. அவள் தேங்காயெண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள். எழுந்து வாசலுக்கும் அடுப்புக்குமாக நடக்கும். செருப்புச் சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை சண்டைக்கு வந்தாள். பிறகு அவளும் பழகிக்கொண்டாள். மகள் அனுப்ரியா காலையில் கூட்டும்போது, “அப்பா, காலத் தூக்குங்க” என்பாள். காது கம்பெனியில் இருக்கிறது. இருந்தாலும் தூக்கும்.